குழிநாட்டின் கால வரிசை

சிவரஞ்சனி எழுதிய 'குழிநாடு' நாவலில் சாமி கடைசியாகத்தான் ஊரை விட்டுப் போகும். முதலில் புளிய இலைகளில் வெள்ளைத் தூசி படியும். பிறகு கிணறுகள் வற்றும், பள்ளிக்கூடம் பூட்டப்படும், இளவட்டங்கள் பிழைப்பு தேடிக் கிளம்புவார்கள், வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். விளக்கேற்ற ஆளில்லை என்று ஆன பிறகுதான் அம்மன் சிலையில் கயிற்றைக் கட்டித் தூக்குவார்கள். மூன்று பாகங்களிலும் இந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள் மாற்றச் சொன்னபோது ஒரே ஒரு தடவை தலையாட்டினாள். அதில் அவளுடைய ஊரே போய்விட்டது.

அவளை எழுத்தாளர் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அவள் கம்ப்யூட்டர் சென்டர் அக்கா. பட்டா மாறுதலுக்கு மனு அடித்துக் கொடுப்பாள், ஆதாரில் பிழை திருத்துவாள், காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதென்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், கொஞ்ச நாளிலேயே ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம். அதைச் சொன்னால் உங்கள் கோபமெல்லாம் அந்த ஆள்மேல் செலவாகிவிடும், இந்தக் கதைக்கு மிச்சம் இருக்காது. அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கியே நெஞ்சு அடைத்துச் செத்தவர். அம்மா வீரம்மாளும் நாலு ஆடுகளும் ஒரு ஓட்டு வீடும்தான் அவளுக்கு இருந்த சொத்து. ஊர் நெடுங்கொல்லை. செந்துறை ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும்.

வேலைக்குப் போய் வருகிற டவுன் பஸ்ஸில்தான் குழிநாடு பிறந்தது. 2019-ல், கதை படிக்கிற ஒரு செயலியில், போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி வாரம் ஒரு அத்தியாயம் போட ஆரம்பித்தாள். எதிர்காலத்தில் ஒரு நாடு. நாடு முழுக்க ஒரே சுரங்கக் குழி. குழியின் சுவரில் வெட்டிய படிகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மேல்படிக்காரனுக்கு நாள் முழுக்க வானம் தெரியும், கீழே போகப் போக உச்சிப்பொழுதில் மட்டும் தெரியும், கடைசிப் படிக்காரன் வானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. குழி அகலமாகும்போது விளிம்பில் இருக்கிற ஊர் ஒன்று கலைக்கப்பட்டு அந்த ஜனங்கள் கீழ்ப்படிக்கு இறக்கப்படுவார்கள். கலைக்க வருகிறவர்களுக்கு அளவர்கள் என்று பெயர். அவர்கள் யாரையும் அடிக்கமாட்டார்கள். வருவார்கள், அளப்பார்கள், மோர் கொடுத்தால் குடித்துவிட்டுச் சிரித்தபடி போவார்கள்.

இதற்கு அவள் பெரிதாகக் கற்பனை செய்யவில்லை. சின்ன வயதில் அத்தை வாழ்க்கைப்பட்ட மேலக்கொல்லை என்ற ஊர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போனதைப் பார்த்தவள். எது முதலில் போனது, எது பிறகு போனது என்று அவளுக்கு மனப்பாடம். அதைத்தான் எழுதினாள். ஊரடங்கு வந்து உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தபோது குழிநாட்டைப் படிக்க ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டாம் பாகம் வந்தது. 2021-ல் கோயம்புத்தூர்க்காரர்கள் அதை ஒலித்தொடராக எடுத்தார்கள். மூன்றாம் பாகத்தில் ஊரைவிட்டு நகர மறுக்கும் ஒரு கிழவியை எழுதினாள். வாசகர்கள் அந்தக் கிழவியின் படத்தைத் தாங்களே வரைந்து போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு இணையதளம் தொடங்கி, குழிநாட்டில் எந்த வருஷம் என்ன நடந்தது என்று கால வரிசை தயாரித்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு திருத்தினார்கள். "ஏழாம் வருஷம்: அம்மன் அகற்றப்படுகிறாள்" என்பது அதில் கடைசி வரி.

இங்கே நிஜ ஊரிலும் அளவர்கள் வந்திருந்தார்கள். சுரங்கக் கம்பெனிக்கு நிலம் வாங்கித் தருகிற அவர்களுக்கு இங்கே புரோக்கர் என்று பெயர். சுரங்கத்தின் விளிம்பு நெடுங்கொல்லையின் மேற்கு வயல்வரைக்கும் வந்துவிட்டது. வெடி வைக்கிற நேரத்தில் சமையலறைத் தட்டுகள் குலுங்கின. அப்போதுதான் ஊர்கூடி ஒரு முடிவெடுத்தது. செல்லியம்மன் கோயிலில் வீட்டுக்கு ஒருவர் வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அம்மன் மேல் ஆணையாக ஒரு சென்ட் நிலம்கூட விற்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இந்தப் பக்கத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் ஏமாற்றுவான், சூடம் அடித்தவன் ஏமாற்றமாட்டான். சிவரஞ்சனியும் அடித்தாள். உள்ளங்கை பொக்குளித்து இரண்டு நாள் அவளால் கீபோர்டில் சரியாகத் தட்ட முடியவில்லை. ஊருக்கு இருந்த ஒரே வேலி அந்தச் சத்தியம்தான். அது நிற்கிறவரை புரோக்கர்கள் மோர் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

2023-ல் வெப் சீரிஸ் எடுக்க ஆட்கள் வந்தார்கள். இயக்குநர் இளைஞர். மூன்று பாகங்களையும் வரி விடாமல் படித்தவர், கிழவி வரும் இடத்தில் அழுதேன் என்று வீரம்மாள் காலில் விழுந்தவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஊர் வாசலிலேயே துரத்தியிருக்கும்.

"மேடம், ஒரே ஒரு மாற்றம்தான். அம்மனைத் தூக்குறது கடைசில இருக்கு. அதை முதல் எபிசோடுக்குக் கொண்டு வரணும். முதல் அஞ்சு நிமிஷத்துல புடிக்கலன்னா ஜனங்க வேற படத்துக்குப் போயிடுவாங்க" என்றார்.

"சாமி கடைசியிலதாங்க சார் போவும். அதான் கதையே."

"கதை உங்களுதுதான் மேடம். வரிசை மட்டும்தான் மாறுது."

அதுவும் அவர் செல்லியம்மன் கோயிலிலேயே, அந்தச் சிலையையே தூக்கி எடுக்க வேண்டும் என்றார். செய்து வைத்த சிலை கேமராவில் காட்டிக் கொடுத்துவிடுமாம். பூசாரி ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மன் மேல் கயிறு போடுவதா, கை விளங்காமல் போய்விடும் என்றார். ஊரும் அதையே சொன்னது. அத்தோடு விட்டிருந்தால் இயக்குநர் வேறு கோயிலைப் பார்த்திருப்பார்.

தன் கதை தன் ஊரிலேயே படமாக வேண்டும் என்ற ஆசையில் தலையாட்டி, வழியும் கண்டுபிடித்தது சிவரஞ்சனி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அவள்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. கோயில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்கள் அல்லவா? சிலையில் இருக்கும் அம்மனின் சக்தியை மந்திரம் சொல்லிக் கலசச் செம்புக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்துப் பூஜை செய்வார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆனதும் சக்தி மறுபடி சிலைக்குப் போகும். அதுவரை சிலை வெறும் கல். நம் கோயில் கோபுரமும் வெடிச் சத்தத்தில் விரிசல் விட்டுத்தான் கிடக்கிறது. பாலாலயம் செய்வோம். வெறும் கல்லை அவர்கள் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்து முடித்ததும் திருப்பணியை அவர்களே செய்து கும்பாபிஷேகமும் நடத்தித் தரட்டும்.

"அம்மாவுக்கு ஒரு குத்தமும் வராது பெரியப்பா. கல்லுல அம்மா இருக்கமாட்டா, செம்புலதான் இருப்பா" என்று, ஊர் முறையில் பெரியப்பாவான ராசாங்கத்திடம் சொன்னாள்.

ராசாங்கம் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். "நீ படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பாலாலயம் முறையாகத்தான் நடந்தது. ஓலைக்கொட்டகையில் வேப்பிலை செருகிய செம்பில் அம்மன் குடியேறினாள். மறுவாரம் படப்பிடிப்பு. ஊர் ஜனங்களையே நடிக்க நிறுத்தினார்கள். கிரேன் வந்தது. சிலையில் கயிறு கட்டி மெல்லத் தூக்கியபோது, அது வெறும் கல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பொம்பளைகள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வீரம்மாள் மயங்கி விழுந்தாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கிரேனின் நிழல் காட்சிக்குள் விழுந்துவிட்டதாம். மறுபடி. மறுபடி எடுத்தபோது யாரோ கேமராவைப் பார்த்துவிட்டார்கள். மறுபடி. சாயங்காலத்துக்குள் அழுகை நின்றுவிட்டது. சிலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி டீயும் வடையும் சாப்பிட்டார்கள். கடைசி டேக்கில் கண்ணில் ஊற்றிக்கொள்ள ஒருவன் ஒரு குப்பியைக் கொண்டு வந்தான். ஒருத்தி அதை வாங்கி ஊற்றிக்கொண்டு, "எரியுதுடி" என்று சிரித்தாள்.

படப்பிடிப்பு முடிந்து வண்டிகள் போயின. சிலை கருவறையில் சுவரோரம் சாக்கு போர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கும்பாபிஷேகம் ஆகாமல் அதைப் பீடத்தில் நிறுத்தக் கூடாது. திருப்பணிக்கு ஆள் வருகிறது, வருகிறது என்றார்கள். ஆடி போயிற்று, தை போயிற்று. தயாரிப்புக் கம்பெனி கைமாறிவிட்டது. சிவரஞ்சனி போன் செய்தால் ஒரு மேனேஜர் எடுத்து, "அது பழைய கம்பெனி ஒத்துக்கிட்டது மேடம், எங்க பேப்பர்ல அப்படி எதுவும் இல்லையே" என்பார். இயக்குநர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தை வைத்துக் கோபுரம் பூச முடியுமா?

அந்த நேரத்தில்தான் முத்தமிழ் நிலத்தை விற்றான். சிவரஞ்சனிக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. மேற்கு வயலில் சோளம் போட்டுக்கொண்டிருந்தவன். போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை, மகளை நர்சிங் சேர்க்க வேண்டியிருந்தது. செய்தி கேட்டதும் சிவரஞ்சனி அவன் வாசலில் போய் நின்று கத்தினாள்.

"சூடம் அடிச்ச கைதானே அண்ணே? அந்தக் கையாலயே எப்படி விக்க மனசு வந்துச்சு?"

முத்தமிழ் கோபப்படவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே பேசினான். "அடிச்சேன், இல்லங்கல. அம்மா முன்னாடி அடிச்சேன். இப்ப அம்மா அங்க இல்லையே. சாக்கு போட்டு மூடிக் கெடக்குறது கல்லு."

"அம்மா கொட்டாயில இருக்கா. எங்க இருந்தாலும் அம்மா அம்மாதானே?"

"கொட்டாயில யாரு வந்து சூடம் அடிச்சா? நாம அடிச்சது அந்தக் கல்லு முன்னாடி. கல்லுல அம்மா இல்ல, தூக்குனா குத்தமில்லன்னு நீதானே பாப்பா சொன்ன? கல்லத் தூக்குனா குத்தமில்லன்னா, கல்லு முன்னாடி சொன்ன வார்த்தைய எடுத்தாலும் குத்தமில்லதானே?"

மனுவுக்கும் விண்ணப்பத்துக்கும் எத்தனையோ பேருக்கு வாதம் எழுதிக் கொடுத்தவள் அவள். தப்பான கணக்குதான். ஆனால் கணக்கின் முதல் வரியை எழுதியது அவள். வாய் விட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

முத்தமிழ் சொன்ன நியாயம் ஒரே வாரத்தில் ஊர் நியாயம் ஆகிவிட்டது. யாரும் துரோகம் செய்ததாக நினைக்கவில்லை. அம்மனே எழுந்து போய்விட்டாள், நாம் எதற்கு இருக்க வேண்டும் என்றார்கள். சிலை தூக்கப்படுவதை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இனி என்ன பார்க்க இருக்கிறது? மேற்குத் தெரு போயிற்று. பிறகு பள்ளிக்கூடம் பூட்டினார்கள். பிறகு பொதுக்கிணறு வற்றியது. புளிய மரங்கள் கடைசியாகத்தான் வெளுத்தன. ஊர் அவளுடைய நாவலைப் பின்பற்றவில்லை. சீரிஸைப் பின்பற்றியது.

2024-ல் அந்த சீரிஸ் வெளியானது. பெரிய வெற்றி. தெலுங்கிலும் இந்தியிலும் பேசியது. முதல் ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அழுகிற பெண்களின் முகங்கள் எவ்வளவு இயல்பாக இருக்கின்றன என்று வியந்தார்கள். நெடுங்கொல்லையில் அதைப் பார்க்க அப்போது பத்து வீடுகூட இல்லை.

வீரம்மாள் நகரவில்லை. மூன்றாம் பாகத்துக் கிழவி அம்மாவின் அச்சுதான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கிழவி கடைசிவரை போகவே இல்லை. ஆனால் எழுதப்பட்ட கிழவிக்குத் தாகம் எடுக்காது. வீரம்மாளுக்கு எடுத்தது. தண்ணீர் லாரி வருவது நின்றது, கரண்ட் கம்பத்தைப் பிடுங்கினார்கள், வெடியில் ஓடுகள் சரிந்து ஒரு ஆட்டின் முதுகெலும்பை முறித்தன. அந்த ஆட்டை அறுக்கக்கூட ஊரில் ஆள் இல்லை. அன்று வீரம்மாள் தானே, "போலாம்டி" என்றாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, பெரம்பலூரில் மகள் வீட்டோடு போய்விடக் கிளம்பிய பூசாரி ராசாங்கம் வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். கைகளில் கலசச் செம்பு, ஈரத்துணியில் சுற்றியிருந்தது.

"மாப்பிள்ள வூட்ல கறி மீனு பொழங்குவாங்க, அங்க வச்சுக்க முடியாது. புதுக் கோயில் கட்டிச் சிலையையும் அங்கயே நிறுத்தித் தரேன்னு சுரங்கக் கம்பெனிக்காரன் ஒரு அடிக்கல்லு நட்டிருக்கான். கட்டுற வரைக்கும் நீ வச்சுக்க வீரம்மா" என்றார். சிவரஞ்சனி பக்கம் திரும்பவில்லை. அவள் காலைத் தொட்டபோது மட்டும், "நல்லா இரு" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இப்போது அம்மாவும் மகளும் அரியலூரில் ரயில்வே கேட் பக்கம் ஒரு அறையும் சமையலறையுமாக வாடகைக்கு இருக்கிறார்கள். செல்லியம்மன் கேஸ் சிலிண்டருக்கு மேலே, மளிகைச் சாமான் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறாள். செவ்வாய்க்குச் செவ்வாய் செம்பில் தண்ணீர் மாற்ற வேண்டும், வேப்பிலை மாற்ற வேண்டும். வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை. ஒரே அறை என்பதால், தூரமான நாட்களில் சிவரஞ்சனி கம்ப்யூட்டர் சென்டரிலேயே நியூஸ்பேப்பரை விரித்துப் படுத்துக்கொள்கிறாள். ஒரு காலத்தில் தேர் ஓடிய அம்மனுக்கு மிளகாய்த்தூள் டப்பா பக்கத்தில் விளக்கு எரிகிறது. கம்பெனி நட்ட கல்லைச் சுற்றிக் கருவேலம் முளைத்துவிட்டது. ஜனங்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிவிட்டார்கள், கோயில் எங்கே என்று கேட்க ஊர் என்று ஒன்று இல்லை.

நாலாம் பாகம் எப்போது என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் ஒரு வரி எழுதவில்லை. போன மாதம் அந்தக் கால வரிசைத் தளத்தை நடத்துகிறவர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நாவலில் அம்மன் ஏழாம் வருஷம் போகிறாள், சீரிஸில் முதல் வருஷமே போகிறாள், இது பெரிய சண்டையாக இருக்கிறது, எது சரியான வரிசை என்று படைத்தவர் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். சென்டரில் ஒருவர் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிக்கக் காத்திருந்தார். சிவரஞ்சனி அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுப் பதில் தட்டினாள்.

"சீரிஸில் வருவதுதான் சரி. நான் தப்பாக எழுதிவிட்டேன்."

பெரிய எழுத்தாளரின் அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

நேற்று இரண்டாவது சீசனின் டிரெய்லர் வந்தது. மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், தட்டின் முன்னால் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் செல்லியம்மன் கோயில் வந்தது. நிஜக் கோயில் இருந்த இடத்தில் இப்போது லாரி போகிற சரிவுதான் இருக்கிறது. இது பழைய படத்தைப் பார்த்துச் சென்னையில் போட்ட செட். விரிசல் இல்லாத கோபுரம், புதுச் சுண்ணாம்பு, நடுவில் காலியாக ஒரு பீடம்.

ரசம் ஊற்ற வந்த வீரம்மாள் குனிந்து பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"நம்ம கோயிலுடி! கட்டிட்டாங்களா? எந்த ஊருல?"

"மெட்ராஸ்லம்மா. படத்துக்காக..."

"எங்க இருந்தா என்னா. பீடம் காலியாத்தானே கெடக்கு. பூசாரிக்கு ஒரு போன் போடு, நாளைக்கே பஸ் ஏறிடுவோம். செம்ப நான் மடியில வச்சுக்கிட்டு வரேன், ஒரு சொட்டு சிந்தாது." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சிவரஞ்சனி பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அம்மா, அது கோயில் இல்லம்மா. அட்டையும் தெர்மாகோலும். படம் எடுத்து முடிச்சதும் பிரிச்சுப் போட்டிருப்பாங்க."

வீரம்மாள் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். டிரெய்லர் முடிந்து வேறு ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஒரு நாளாவது அவ வூட்ல இருந்திருப்பாளே" என்றாள்.

சிவரஞ்சனி பிசைந்த சோற்றிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. வீரம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, செம்பை இரண்டு கையாலும் இறக்கி, தண்ணீர் மாற்றக் குழாயடிக்குக் கொண்டு போனாள்.